மிட்ஜெட் பந்தயக் கார்களின் புனரமைப்பு

மிட்ஜெட் என்பது அமெரிக்காவின் குறுகிய நீள்வட்டத் தடங்களில் ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட, ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய பந்தயக் கார். 1930களிலும் 1940களிலும் உருவான இக்கார்களை, பழைய உலோகத்தையும் வரலாற்றுத் தடயங்களையும் காத்தபடி மீண்டும் ஓட வைக்கும் பணியே புனரமைப்பு. சாலையில் ஓடும் பழங்காருக்குத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் தோற்றமே அளவுகோல். பந்தயக் காரோ ஒவ்வொரு பருவத்திலும் எஞ்சினும் நிறமும் எண்ணும் மாறி ஓடியது. ஆகவே எந்த ஆண்டின் நிலைக்கு அதைக் கொண்டுவருவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

பின்னணி

மிட்ஜெட் பந்தயம் 1933இல் கலிபோர்னியாவில் முறையான போட்டியாக வளர்ந்தது. 1934இல் லாஸ் ஏஞ்சலஸில் கில்மோர் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஃபிரெட் ஆஃபன்ஹவுசரின் பட்டறை, லியோ கூசன் வடிவமைத்த நான்கு சிலிண்டர் மிட்ஜெட் எஞ்சினை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 97 கன அங்குலம், அதாவது சுமார் 1.6 லிட்டர். பந்தயக்காரர்கள் அதை ‘ஆஃபி’ என்றே அழைத்தனர். அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் பின்னாளில் ஃபோர்டின் 60 குதிரைத்திறன் வி8 எஞ்சினை நாடினர்.

உலகப் போரை முன்னிட்டு 1942இல் நிறுத்தப்பட்ட பந்தயங்கள் 1945இல் திரும்பியபோது மிட்ஜெட்டுக்குப் பெருங்கூட்டம் கூடியது. கிளெண்டேல் நகரில் ஃபிராங்க் குர்டிஸ் நடத்திய குர்டிஸ்-கிராஃப்ட் நிறுவனம், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகத்தில் 500க்கும் மேற்பட்ட மிட்ஜெட்களைக் கட்டியது. வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்புகளாகவும் பல நூறு விற்றது. 1959இல் லைம் ராக் தடத்தில் ராட்ஜர் வார்டு ஆஃபி எஞ்சின் பூட்டிய மிட்ஜெட்டை ஓட்டி, விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களை வென்றார்.

கட்டமைப்பு

அக்கால மிட்ஜெட்டில் பொதுவாக கிளட்ச் இல்லை, பல வேக கியர்பாக்ஸ் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. பின்னாலிருந்து வேறொரு வண்டி தள்ள, ஓட்டுநர் நெம்புகோலால் எஞ்சினைச் சக்கரங்களுடன் இணைத்துக் கிளப்புவார். பின் ஆக்சிலின் மூடியைத் திறந்து இரண்டு பற்சக்கரங்களை மாற்றினால், தடத்தின் நீளத்துக்கேற்ற கியர் விகிதம் கிடைத்துவிடும். டெட் ஹாலிபிராண்டின் மெக்னீசிய வார்ப்புச் சக்கரங்களும் இத்தகைய ஆக்சில்களும் இக்கார்களில் பரவலாக இடம்பெற்றன.

பணிமுறை

அடையாளம் காண்பது முதல் படி. உதிரித் தொகுப்பிலிருந்து பலர் தத்தம் கொட்டகையில் கட்டியதால், ‘குர்டிஸ்’ என்று சொல்லப்படும் கார் எல்லாம் நிறுவனமே கட்டியதாகிவிடாது. பழைய பந்தயப் புகைப்படங்களில் தெரியும் குழாய் வளைவு, வெல்டிங் தடம், தகட்டின் திருகுத் துளைகள் ஆகியவற்றைக் கையிலுள்ள காரோடு ஒப்பிட வேண்டும். காரைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகமும் இருந்த இடத்திலேயே படம் பிடிக்கப்படும்.

அடுத்தது விரிசல் சோதனை. ஆக்சில், ஸ்டீயரிங் தண்டு போன்ற எஃகுப் பாகங்களைக் காந்தத் துகள் முறையிலும், மெக்னீசிய, அலுமினிய வார்ப்புகளைச் சாயம் ஊடுருவும் முறையிலும் ஆராய்வர். மெக்னீசியம் ஈரத்தில் எளிதில் அரிபடும். அதனால் பழைய சக்கரங்களைக் காட்சிக்கு ஒதுக்கி, ஓட்டத்துக்குப் புதிய வார்ப்புகளை மாட்டுவதே நல்லது.

ஆஃபி எஞ்சினில் சிலிண்டர் தொகுதியும் தலைப்பகுதியும் ஒரே வார்ப்பு. இடையில் கேஸ்கெட் இல்லாததால் அதிக அழுத்தத்தையும் அது தாங்கியது. அதே காரணத்தால் பழுதுபார்ப்பவருக்கு வேலை கடினம்: வால்வு இருக்கைகளைச் சிலிண்டரின் உட்புறம் வழியாகத்தான் தேய்க்க முடியும், ஒரு விரிசல் முழு வார்ப்பையும் பாதிக்கும். எரிபொருளான மெத்தனால் ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தை அரிக்கும். எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் எரிபொருள் அமைப்பை வடித்துச் சுத்தம் செய்வது கட்டாயம்.

அலுமினிய உடற்தகடுகளை டிங்கரிங் வல்லுநர்கள் மரச் சுத்தியலாலும் உருளைச் சக்கரத்தாலும் நிமிர்த்துகின்றனர். பெயிண்டை ஒரேயடியாகச் சுரண்டுவது பெருந்தவறு. அடுக்கடுக்காகத் தேய்த்தால் முந்தைய எண்களும் உரிமையாளர் பெயர்களும் வெளிப்படும்; காரின் வரலாற்றுக்கு அவையே நேரடிச் சான்று.

காப்பும் பயன்பாடும்

அக்காலக் கார்களில் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கூண்டு கிடையாது. இன்று அதைப் பொருத்தினால் காரின் உருவமே மாறிவிடும். ஆகவே பல பழங்கார்கள் போட்டியின்றிக் காட்சி ஓட்டமாக மட்டுமே தடத்தில் இறக்கப்படுகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் சன் ப்ரெய்ரியில் உள்ள ஏஞ்சல் பார்க் பந்தயத் தடத்தில் மிட்ஜெட் பந்தயத்துக்கான தேசியப் புகழ்க்கூடம் இருக்கிறது.

கழற்றிய பாகங்களை எறியாமல் காருடன் வைப்பதும், புதிதாகச் செய்தவற்றில் அடையாளம் பொறிப்பதும், செய்த வேலை அனைத்தையும் கோப்பில் பதிவதும் நேர்மையான புனரமைப்பின் அடிப்படைகள். கார் கைமாறும்போது அந்தக் கோப்பும் சேர்ந்தே கைமாற வேண்டும். அது இல்லாவிட்டால் எது 1946இன் உலோகம், எது நேற்றைய வார்ப்பு என்று அடுத்து வருபவரால் பிரித்தறிய இயலாது.