கல்லான எலும்பும் காகிதச் சீட்டும்

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் ஆலயச் சுவர்களை அருகில் சென்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்தக் கற்கள் மலையிலிருந்து வெட்டிக் கொணரப்பட்டவை அல்ல. அவற்றின் முகமெங்கும் தேனடையை ஒத்த நுண்ணிய அறைகள் காணப்படும். ஒவ்வோர் அறையும் ஒரு காலத்தில் ஒரு சிற்றுயிரின் இல்லமாய் இருந்தது. கடலுக்குள் பவள உயிர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கட்டிய வீட்டைப் பெயர்த்தெடுத்து, மனிதர் தம் இறைவனுக்கு வீடு கட்டினர். நம் கடற்கரையில் பழைய கட்டடங்கள் பலவற்றிலும் இக்கல்லைக் காணலாம். தொல்லுயிர்களின் எச்சங்களுக்கு நடுவே நாம் வாழ்கிறோம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதை எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இவர், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் மண்ணையும் பாறையையும் நடந்து ஆராய்ந்து, 1883-ல் அதன் அறிக்கையை வெளியிட்டார். இராமேசுவரம், பாம்பன் கரைகளில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளத்திட்டுகளைக் கண்டு, கடலுக்கும் நிலத்துக்கும் இடையே இருந்த எல்லை இங்கே மாறியிருக்கிறது என்று அவர் எழுதினார். 1972-ல் ஸ்டாடர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞரும், மண்டபத்துக் கடல்மீன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கோபிநாத பிள்ளையும் இந்தத் திட்டுகளை மீண்டும் ஆராய்ந்தனர். கரிமக் கணிப்பின்படி அவற்றின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் என்று தெரிந்தது.

நான்காயிரம் ஆண்டு என்பது நமக்கு நெடுங்காலம். பூமிக்கு அது நேற்றைய பொழுது. இன்றைய சிறுவர்கள் திரைப்படத்தில் டைனோசரைப் பார்த்துவிட்டு, "நம் ஊரில் தோண்டினால் அது கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. டைனோசர்கள் மறைந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இராமநாதபுரம் கரையின் மேற்பரப்பில் உள்ள மணலும் பவளக்கல்லும் அவற்றுக்கு மிகப் பிந்தியவை. ஆனால் கீழே, வெகு ஆழத்தில், அக்காலத்துப் பாறைகள் படுத்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் துளையிட்டு எடுக்கப்படும் இயற்கை எரிவாயு அந்தப் பழைய பாறைகளிலிருந்து வருவதே. சிவகங்கைப் பகுதியில் அதே பெருங்காலத்தைச் சேர்ந்த அடுக்குகள் வெளியே தலைகாட்டுகின்றன. அவற்றில் பழங்காலத் தாவரங்களின் இலைப் பதிவுகள் உண்டு. இவையெல்லாம் காவிரிப் படுகை என்று அறிஞர் அழைக்கும் ஒரே நிலப்பள்ளத்தின் பகுதிகள். அந்தப் படுகையின் பழைய கடலடி நிலத்தின் மேல் விரிந்து கிடப்பதைக் காண, வடக்கே அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் போக வேண்டும்.

கரையேறிய கடல்

அரியலூர் வட்டாரம் இன்று கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. ஆயினும் அங்கே நிலத்தைக் கீறினால் சிப்பியும் நத்தையும் சுறாப்பல்லும் வெளிப்படும். டால்மியாபுரத்துச் சுண்ணக்கல், பவளமும் சுண்ணப்பாசியும் சேர்ந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கட்டிய கடல்திட்டு. நம் பாம்பன் திட்டுக்கு அது மூதாதை போன்றது. சுருண்ட ஆட்டுக்கொம்பின் வடிவம் கொண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரின் கூடுகள், வண்டிச் சக்கரம் போன்ற பெரியவையும் காசளவு சிறியவையுமாய், காரை, உட்டத்தூர்ப் பகுதிகளில் கிடைக்கின்றன.

1840-களில் கே, கன்லிஃப் என்னும் இரு சென்னை மாகாண அலுவலர்கள், அரசுப் பணிக்கு இடையே கிடைத்த ஓய்வில் இவற்றைத் தேடித் திரட்டி, இலண்டன் நிலவியல் கழகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். தென்னிந்தியாவின் பழைய கடல் இவ்வாறுதான் உலக அறிவின் ஏட்டில் ஏறியது. பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு இவ்வட்டாரம் முழுவதையும் ஆராய்ந்து, 1862-ல் தம் அறிக்கையை வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து, மொராவியா நாட்டில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா, கொல்கத்தாவில் அமர்ந்து, தென்னிந்தியக் கடல் எச்சங்களை இனம் இனமாய்ப் பிரித்துப் பெயரிட்டுப் பல பெருந்தொகுதிகள் எழுதினார். 1874-ல் இமயத்துக்கு அப்பால் சென்ற பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில், தம் 36-ஆம் வயதில் இறந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டோலிச்காவின் மேசைமேல் இருந்தவற்றுள் பெரும்பகுதி பிறர் பொறுக்கியவை. எந்த ஊரில், எந்தப் பாறையடுக்கில், யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஒவ்வொன்றோடும் வந்ததனால்தான், நேரில் கண்டெடுக்காத ஒருவர் அவற்றைக் கொண்டு ஒரு கடலின் வரலாற்றை எழுத முடிந்தது. அந்தக் குறிப்பு இல்லையேல் அவை அழகிய கற்கள், அவ்வளவே.

கல்லமேட்டின் இழப்பு

டைனோசர் தேடியவர்களுள் நம் நாட்டுக்கு நெருங்கியவர் சார்லசு ஆல்ஃபிரெட் மாட்லி. தொழிலால் அரசாங்கக் கணக்கு அலுவலர். விருப்பத்தால் எலும்பு தேடுபவர். மத்திய இந்தியாவில் ஜபல்பூர்க் குன்றுகளில் பல ஆண்டுகள் தோண்டிய பின், திருச்சிராப்பள்ளிச் சீமையின் டைனோசர்கள் பற்றி 1929-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேடு அதில் இடம்பெற்ற ஊர்.

அதே கல்லமேட்டில் பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் மாபெரும் எலும்புகளைக் கண்டார்கள். யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு அறிஞர்கள் அவற்றுக்குப் 'புருகத்காயோசாரஸ் மாட்லேயி' என்று பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது முதற்சொல்லின் பொருள். இரண்டாவது சொல் மாட்லிக்குச் செய்த மரியாதை. நம் சிவகங்கை மறைமாவட்டம் உருவான அதே 1987-ஆம் ஆண்டைத் தாங்கிய வெளியீட்டில் அந்த அறிவிப்பு வந்தது. காலின் கீழ் எலும்பு ஒன்று மட்டும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம்! நன்கு வளர்ந்த ஓர் ஆளைவிட உயரம். முதலில் அதை ஊனுண்ணி என்று கருதினர். பின்னர் வந்தவர்கள், நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணி என்று கருதினர். அந்த அளவுகள் சரியென்றால், தரையில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று நம் தமிழ் மண்ணில் நடந்தது.

"என்றால்" என்று சொல்லக் காரணம் உண்டு. அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தை உறிஞ்சி நொறுங்கும் களிமண்ணில் கிடந்த அவை, மழையாலும் தம் மென்மையாலும் சிதைந்தன. சாந்துக் கட்டுப் போட்டு எடுக்கப்பட்ட பின்பும், ஆய்வகம் சேரும் முன்னரே, கட்டுக்குள்ளேயே பொடிந்து போயின என்பதை 2017-ல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. எஞ்சியவை சில கோட்டோவியங்களும், 2022-ல் வெளியிடப்பட்ட பழைய களப் புகைப்படங்களும் மட்டுமே. அவை எலும்புகளே அல்ல, கல்லான மரத்துண்டுகள் என்று ஐயுற்றோரும் உண்டு. அந்த ஐயத்தை எலும்பைக் காட்டித் தீர்க்க வழியில்லை. பூமி 6 கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகள் காத்துத் தந்ததை, நம்மால் ஒரு தலைமுறைக்காலம்கூடக் காக்க இயலவில்லை. கண்டவர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள், எழுதினார்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் அந்தப் பேருயிரின் பெயர்கூட நமக்குக் கிடைத்திராது.

கல்லமேடு அதோடு முடிந்துவிடவும் இல்லை. மண்ணைச் சலித்துத் தேடிய ஆய்வாளர்கள் அங்கே மிகச் சிறிய பல் ஒன்றைக் கண்டெடுத்து, அது ட்ரூடான் வகைச் சிறு டைனோசரின் பல் என்று 2013-ல் அறிவித்தார்கள். பெருங்காலெலும்பு பொடியாயிற்று, நுண்ணிய பல் பதிவேட்டில் ஏறி நிலைத்தது.

ஜபல்பூரின் மீட்பு

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் நம் நாட்டில் உண்டு. 1828-ல் ஸ்லீமன் என்னும் படை அதிகாரி ஜபல்பூரில் சில முதுகெலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அக்காலத்தில் 'டைனோசர்' என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. அது 1842-ல்தான் வந்தது. கைமாறிக் கைமாறிக் கொல்கத்தா சேர்ந்த அந்த எலும்புகளுக்கு 1877-ல் லைடெக்கர் என்னும் அறிஞர் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார். பிறகு அவை எங்கோ மறைந்தன. நெடுங்காலம் தொலைந்தவையாகவே கருதப்பட்டன. 2012-ல், கொல்கத்தாவில் உள்ள நிலவியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பைச் சோதித்தபோது, அவற்றுள் ஒன்று அங்கேயே இருப்பது தெரிய வந்தது. எப்படி அடையாளம் கண்டார்கள்? பழைய அறிஞர் எழுதிய விவரிப்பும் வெளியிட்ட படமும் கையில் இருந்தன. எலும்பு வழிதவறினாலும், எழுத்து அதை வீட்டுக்கு அழைத்து வந்தது.

சான்றுச் சீட்டு

கத்தோலிக்கராகிய நமக்கு இது புதிய பாடம் அன்று. ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய செம்மண்ணை மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். புனிதர்களின் அருளிக்கங்களைத் திருச்சபை காக்கும்போது, ஒவ்வொன்றோடும் முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்றைச் சேர்த்தே காக்கிறது. இது இன்னாருடையது, இன்னார் கையளித்தார் என்ற சான்று இல்லாத அருளிக்கத்தைப் பொது வணக்கத்துக்கு வைப்பதில்லை. அன்பு மட்டும் போதாது, உண்மையும் வேண்டும் என்பதே இதன் கருத்து.

தொல்லுயிர் எச்சங்களின் பொருளை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆயரே. டென்மார்க்கில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டீனோ, 1666-ல் இத்தாலியக் கடலில் பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலையை ஃபுளோரன்சு நகரில் அறுத்து ஆராய்ந்தார். அக்காலத்தில் மால்ட்டாத் தீவில் கிடைத்த 'நாக்குக் கற்களை', புனித பவுலால் சபிக்கப்பட்ட பாம்புகளின் நாக்கு என்று மக்கள் நம்பினர். அவை பழைய சுறாக்களின் பற்களே என்று ஸ்டீனோ காட்டினார். நம் மீனவச் சகோதரர்களிடம் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் அவர்களும் சொல்லியிருப்பார்கள்! கீழுள்ள அடுக்கு முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்ற நிலவியலின் அடிப்படை விதியை அவர் 1669-ல் எழுதினார், 1675-ல் குருவானார், 1677-ல் ஆயரானார். 1988-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அருளாளர் வரிசையில் சேர்த்தார். பக்தியின் பெயரால் வந்த கட்டுக்கதையை விலக்கியது அவருடைய பக்தியைக் குறைக்கவில்லை.

இவ்வகைத் தெளிவு இன்றும் தேவைப்படுகிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டைகள் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. அவை கடலடி வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள், சிலவற்றின் நடுவே அம்மோனைட் இருக்கும் என்று அறிஞர் விளக்கினர். வியப்பு ஒரு நாளில் எழுந்து மறுநாளில் அடங்கியது. உள்ளதை உள்ளவாறு அறிந்தவனுக்கோ, அந்த உருண்டையே முட்டையைவிடக் குறைந்த அதிசயம் அன்று.

சேர்த்துக் காத்தவர்கள்

சென்னை அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியபோது, மருத்துவர் எட்வர்டு பால்ஃபரிடம் இருந்தவை சென்னை இலக்கியக் கழகம் தந்த சுமார் 1,100 நிலவியல் கற்கள். அந்தக் கல்குவியலிலிருந்துதான் நாம் அறிந்த எழும்பூர் அருங்காட்சியகம் வளர்ந்தது. அதன் கண்காணிப்பாளராய் இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் இராமேசுவரத்துக்கு வந்து, கடலுயிர்களைத் திரட்டிச் சென்று, தீவையும் மன்னார் வளைகுடா உயிர்களையும் பற்றி 1895-ல் நூல் வெளியிட்டார். அதே 1895-ல் கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபைக் குருக்கள் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். குருமாணவர் பயின்ற இல்லத்தில் பறவையும் பூச்சியும் செடியும் கல்லும் பெயரோடு அடுக்கப்பட்டன. ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதற்கற்கருவியைக் கண்டது முதல் நாற்பது ஆண்டுகள் திரட்டியவற்றை, 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912-ல் அவர் இறந்த பின், அவற்றின் பட்டியல் 1914-லும் விளக்கக் குறிப்புகள் 1916-லும் அச்சேறின. கைகள் ஓய்ந்த பின்னும் சீட்டுகள் பேசின. மண்டபத்து ஆய்வு நிலையமும் தன் சேகரிப்பின் பட்டியல்களை 1960-களில் அச்சிட்டது. பவளத்தை ஆராய்வோர் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இன்று புதைபடிவங்களுக்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அருகிலேயே சுண்ணாம்புச் சுரங்கங்களில் அதே பழங்கடல் வெட்டப்பட்டுச் சிமெண்டாக அரைபடுகிறது. நமக்கு வீடும் வேண்டும், பாலமும் வேண்டும். சுரங்கத்தை மூடச் சொல்வதற்கில்லை. அரைக்கும் முன் பார்க்கும் கண்ணும், பார்த்ததை எழுதும் கையும் அங்கே வேண்டும்.

நம் பங்குப் பள்ளிகள் இதில் செய்யக்கூடியது சிறிதல்ல. பவளத்தை எடுக்கச் சொல்லவில்லை. 2001 முதல் அது சட்டத்தால் காக்கப்படுகிறது, அது இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். கரையில் ஒதுங்கும் வெறும் கிளிஞ்சல் போதும். ஆசிரியர் ஒருவர், ஒரு மர அலமாரி, ஒரு நோட்டு. நாள், இடம், எடுத்தவர் பெயர், மீனவர் அதற்கு வழங்கும் பெயர் ஆகிய நான்கையும் மாணவன் தன் கையால் எழுதி வைக்கட்டும். பாட்டன்மார் அறிந்த பெயர்கள் பல நோட்டில் ஏறாமலே மறைந்து வருகின்றன; அவையும் எச்சங்களே. அரியலூருக்குச் சுற்றுலா செல்லும்போது கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவதற்குப் பதில், கண்ட இடத்தை எழுதி அருங்காட்சியகத்தாரிடம் சொல்லக் கற்பிப்போம்.

ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின், மிஞ்சிய துண்டுகளையும் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சீடருக்குக் கட்டளையிட்டார். அப்பத்தை அளிப்பவர் அவர். துண்டுகளைக் கூடையில் சேர்ப்பது சீடரின் வேலை. கல்லமேட்டில் நமக்கு வேண்டிய அளவு அளிக்கப்பட்டது. கூடைதான் போதவில்லை. அடுத்த மழைக்கு முன் இன்னோர் எலும்பு எங்கேனும் வெளிப்படக்கூடும். அதற்குள் கூடை முடையத் தெரிந்த பிள்ளைகள் சிலரையாவது நாம் உருவாக்கிவிட வேண்டும்.