ஊமத்தைப் புகையும் மூக்குக்குழலும்

நகரி, விஜயபுரம் பக்கம் வரப்போரத்திலும் குப்பைமேட்டிலும் ஊமத்தை தானாக முளைத்துக் கிடக்கும். விதையைத் தின்றால் சித்தம் கலங்கும், உயிரும் போகலாம் என்பதால் பெரியவர்கள் பிள்ளைகளை அதன் கிட்டே விடுவதில்லை. ஆனாலும் இரைப்புக்கு அதன் காய்ந்த இலையைப் புகைப்பது தென்னாட்டில் பழைய வழக்கம். இன்று குழந்தைகள் வார்டில் நெபுலைசரில் ஊற்றும் ஒரு மருந்தின் வம்சாவளி இந்தப் புகையில் தொடங்குகிறது.

ஆர்க்காடு நவாபின் நாடு, இன்றைய சித்தூர்ப் பகுதி உட்பட, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1801-இல். மறு ஆண்டு ஜெனரல் ஜென்ட் ஊமத்தைப் புகை வைத்தியத்தைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அவருக்கு அதைச் சொன்னவர் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார்கள். ஆண்டர்சனுக்குச் சொன்ன நாட்டு வைத்தியர் யாரென்று கேட்டால் கதை மௌனமாகிவிடுகிறது. ஐரோப்பியர்கள் அதை ஆஸ்துமா சிகரெட்டாக்கி நூறாண்டுக்கு மேல் விற்றார்கள்.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் 1830-களில் பிரித்தெடுக்கப்பட்டது. அது மூச்சுக்குழலைத் தளர்த்தும், மூளைக்கும் ஏறும். வார்டில் இன்று நெபுலைசரில் ஊற்றும் அந்த மருந்து, 1970-களில் வந்த இப்ராட்ரோபியம், அதே மூலக்கூறைச் சற்று மாற்றிச் செய்தது. உள்ளிழுத்தால் பெரும்பாலும் மூச்சுக்குழலோடு நின்றுவிடும், மூளையை எட்டாது. கையடக்க இன்ஹேலர் 1956-லேயே வந்துவிட்டது.

மருந்து கைக்கு வந்துவிட்டது. அதை மூச்சுத்திணறும் குழந்தையின் நுரையீரலுக்குள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. அப்படித் திணறும் குழந்தைக்கு முதலில் மூச்சுக்குத் துணை வேண்டும். தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளைக் காக்கலாம் என்று 1971-இல் மருத்துவர் கிரகரியின் குழு காட்டியது. டாக்காவில் மருத்துவர் ஜோபாயர் சிஷ்டி, ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குமிழியால் அழுத்தம் தரும் கருவியை நிமோனியாக் குழந்தைகளுக்கு வைத்தார். சாதாரண ஆக்சிஜனைவிட அதில் இறப்பு குறைந்ததாக 2015-இல் லான்செட்டில் ஆய்வு வந்தது. என் கணக்கில், நம் பக்கத்து மருத்துவத்தின் பெருமைமிக்க கருவிகளில் அதுவும் ஒன்று.

மூக்கில் வைக்கும் குழல் வழியாகக் காற்றைத் தரும் இத்தகைய கருவிகளோடு மருந்தைச் சேர்க்கும்போது சிக்கல் தொடங்குகிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் திவலை 1 முதல் 5 மைக்ரான் இருக்க வேண்டும். மூக்குக்குழலோ ஒடுக்கம், ஈரக்காற்றில் திவலை பருத்துக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. குழந்தை இழுக்கும் மூச்சோ சிறிது. வேகமாக வரும் காற்றில் பெரும்பகுதி வெளியே வீணாகிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் திவலை எம்மாத்திரம்! ஆய்வாளர் அர்ஸு அரியும் சகாக்களும் ஆய்வகக் குழந்தை மாதிரியுருவில் காற்றோட்டத்தை நிமிடத்துக்கு 3 லிட்டரிலிருந்து 6 லிட்டராக்கியபோது, போய்ச் சேர்ந்த மருந்து பல மடங்கு சரிந்தது. காற்றால் இயங்கும் சாதாரண நெபுலைசர், தன் பங்குக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றையும் சேர்த்து அழுத்தத்தைக் குழப்பும். அதிரும் வலையுள்ள நெபுலைசர் காற்றைச் சேர்க்காது. அதை ஈரமூட்டிக்கு முன்னால் பொருத்தினால் பலன் கூடுகிறது என்கின்றன ஆய்வகச் சோதனைகள். ஆனால் விலை அதிகம்.

இவ்வளவு பாடுபட்டுக் கொடுப்பது எல்லா வீசிங்குக்கும் தேவைதானா? கைக்குழந்தைகளுக்கு வைரஸால் வரும் பிராங்கியோலைட்டிஸுக்கு, மூச்சுக்குழலை விரிக்கும் இன்னொரு மருந்தான சால்பியூட்டமால் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-இல் சொல்லிவிட்டது. அந்த நோயில் மூச்சுக்குத் துணை கொடுப்பதே பிரதானம். கடும் ஆஸ்துமாவில் நிலைமை வேறு. சால்பியூட்டமாலோடு இப்ராட்ரோபியமும் வேண்டும், துணைக் காற்றையும் நிறுத்த முடியாது. ஓட்டத்தைச் சற்று நேரம் குறைத்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்பதைக் குழந்தையின் விலா உள்ளிழுப்பையும் நாடியையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார்.