வானில் நிகழ்ந்த போரும் கரையில் எஞ்சிய உலோகமும்

போரில் வீழ்ந்த விமானத்தின் தகடொன்று ஞாபகச்சின்னமாகப் பேணப்படும்போது, அதன் பொருள் மாறிவிடுகின்றது. கொல்வதற்கெனச் செய்யப்பட்ட கருவியின் துண்டு வீரத்தின் சாட்சியாக அலமாரியில் அமர்கின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்துச் சிறுவர் குண்டுச் சிதறல்களைத் தேடிச் சேர்த்தனர்; சொலமன் தீவுகளிலோ வீழ்ந்த விமானங்களின் அலுமினியத்திலிருந்து சீப்புகள் செய்யப்பட்டன. முன்னது சேகரிப்பு, பின்னது மறுபயன்பாடு. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே, மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலான கடலில் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் நிகழ்ந்த போரின் எச்சங்களை நாம் நோக்குகின்றோம்.

அன்று காலை யப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னிரவே அத்துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயருடன் மட்டக்களப்புக்கு அப்பால் எதிரியின் கண்ணிற்பட்டது. முற்பகல் 10.35 அளவில் தொடங்கிய குண்டுவீச்சில் ஏறத்தாழ 20 நிமிடங்களில் ஹேர்மிஸ் மூழ்கியது. அதில் 307 பேர் மாண்டனர். தொடர்ந்து வம்பயரும் மூழ்கியது. உயிர்தப்பியோரில் பெரும்பாலோரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

விமானந்தாங்கி என்னும் பெயர் பெற்ற அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் திருகோணமலைக் கரையில் விடப்பட்டிருந்தன. உதவிக்கு அனுப்பப்பட்ட புல்மார் விமானங்கள் கப்பல் மூழ்கிய பின்னரே வந்தடைந்தன. எனினும் அவை அப்பகுதியில் வேறு கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்களோடு மோதின. இரு தரப்பிலும் விமானங்கள் கடலில் வீழ்ந்தன. அதே நாளில் கொழும்பிலிருந்து சென்று யப்பானியக் கப்பற்படையைத் தாக்கிய 9 பிளென்ஹைம் விமானங்களுள் 5 திரும்பவில்லை.

ஹேர்மிஸின் உடல் இன்று 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. திருகோணமலைச் சீனன்குடாவில், யப்பானிய விமானமொன்று மோதியதால் எரிந்ததெனச் சுட்டப்படும் எண்ணெய்த் தாங்கியின் உருக்குலைந்த எச்சம் காட்சிப்பொருளாயுள்ளது. இவற்றைக் காண வருவோர்க்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் விமானியின் துணிவும் மாலுமியின் தியாகமுமே. அவை பொய்யென நாம் கூறவில்லை. ஆனால் வரலாறு அவற்றோடு முடிந்துவிடுவதில்லை.

உலோகத்தையே எடுத்துக்கொள்வோம். விமானத் தகடு அலுமினியத்தாலானது. அலுமினியத்தின் மூலம் போக்சைற்று. யப்பான் அதனைப் பிந்தான் முதலிய தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து பெற்றது. சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும் நகோயா ஆலைத் தொழிலாளியின் உழைப்புமே குண்டுவீச்சு விமானமாக உருவெடுத்தன. எதிர்த்தரப்பின் விமானங்களும் தொழிலாளர் கைகளிலேயே உருப்பெற்றன. இவ்வுழைப்பு ஞாபகச்சின்னத்தில் மறைந்துவிடுகின்றது. போரிட்டோன் பெயரே எஞ்சுகின்றது. பண்டத்தின் மாயத்தன்மை என மார்க்ஸ் விளக்கியதன் ஒரு வடிவம் இதுவெனலாம்.

இலங்கை ஏன் இப்போரின் களமாயிற்று? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கையின் றப்பர் இன்றியமையாததாயிற்று. பர்மிய அரிசியில் தங்கியிருந்த இலங்கை மக்களுக்கோ உணவு நெருக்கடி வந்தது. பங்கீட்டு முறை வந்தது. உள்நாட்டு நெல்லை அரசு கொள்வனவு செய்யத் தொடங்கியது. நெல்விளையும் மட்டக்களப்பிலே போடியாரின் நிலத்தில் உழைத்த முல்லைக்காரரும் வயற்கூலிகளும் இவ்வாறு உலகப்போரின் பொருளாதாரத்துள் இழுக்கப்பட்டனர். யுத்த எதிர்ப்பால் சிறையிடப்பட்ட சமசமாஜத் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பியதும் அதே ஏப்ரல் மாதத்திலேயே. இப்போரை ஏகாதிபத்தியங்களின் போட்டி என அவர்கள் கணித்தமை நினைவுகூரத்தக்கது. அக்கணிப்பைப் பாசிசத்தின் தனிக்கொடுமையை மறைக்குமளவுக்கு நீட்டுதல் பொருந்தாது. குடியேற்ற நாட்டு மக்களிடம் விருப்பம் கேளாமலே அவர்தம் வானும் கடலும் போர்க்களமாக்கப்பட்டன என்னும் அளவில் அது இன்றும் வலிமையுடையது.

1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் பின்னர் இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. வானிலிருந்து குண்டு வீழ்வதை இக்கரையோர மக்கள் தம் வாழ்நாளிலேயே அறிந்துள்ளனர். அவர்களுக்கு விமானத்தின் இரைச்சல் வீரகாவியமன்று, பதுங்குகுழியின் நினைவு. ஆதலின் 1942இன் எச்சத்தை அவர்கள் பார்க்கும் பார்வையும், தொலைநாட்டிலிருந்து வந்து பார்ப்போரின் பார்வையும் ஒன்றாயிருத்தல் இயலாது.

எனவே நாம் வேண்டுவது எச்சங்களை அகற்றுவதன்று. மாண்ட மாலுமிகளின் கல்லறையாகிய கப்பலிலிருந்து துண்டு பெயர்த்து அலமாரியில் வைத்தலுமன்று. ஒவ்வோர் எச்சத்தோடும், அது எங்கே வீழ்ந்தது, அதைச் செய்தவர் யார், அன்று கரையில் பசித்திருந்தவர் யார் என்னும் செய்திகளும் பதிவுசெய்யப்படல் வேண்டும். 1942ஐக் கண்ட தலைமுறை பெரிதும் மறைந்துவிட்டது. அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகள் இன்னும் உளர். மீனவர் குடியிருப்புகளிலும் வயற்கிராமங்களிலும் அவர்களைத் தேடிச் செல்லல் நம் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். உலோகம் துருவேறியும் சிலகாலம் நிற்கும். வாய்மொழி அவ்வாறு நிற்பதில்லை.