தாவர ஓவியரும் அவர்தம் பெயரும்

செடியைக் கொய்து தாள்களிடை அழுத்தி உலர்த்திப் பேணுதல் ஐரோப்பியத் தாவரவியலார் நெடுங்காலமாய்க் கையாண்ட முறையாகும். உலர்ந்த செடியில் இலையின் வடிவு எஞ்சும். மலரின் நிறம் எஞ்சாது. மரங்களிற் பற்றி வளரும் ஓக்கிட் மலரோ அழுத்தத்தால் உருவே குலைந்துவிடும். ஆதலின், பூ வாடுமுன் அதனை உள்ளவாறு எழுதிக்காட்ட வல்ல கை ஒன்று வேண்டியதாயிற்று. கீழைநாடு போந்த ஆராய்ச்சியாளர் அக்கையை இந்நாடுகளிலேயே கண்டனர்.

1819 இல் கிழக்கிந்தியக் கும்பனியின் மருத்துவராய்ச் சென்னைக்கு வந்த றொபேட் வைற் அவர்களுள் ஒருவர். வந்து சில ஆண்டுகளுள் ரங்கையா என்னும் ஓவியரை அவர் பணிக்கமர்த்தினார். ரங்கையாவுக்குப் பின் கோவிந்து என்பார் அப்பணியை ஏற்றார். ரங்கையா வரைந்த படங்கள் முதற்கண் கப்பலேறிக் கிளாஸ்கோவில் வாழ்ந்த வில்லியம் ஹூக்கரை அடைந்து, அங்கே அச்சேறின. பின்னர் வைற் கல்லச்சுத் தொழிலைத் தாமே பயின்று, சென்னையிலேயே படங்களை அச்சிடலானார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாய் வெளிவந்த 'கீழிந்தியத் தாவரப் படங்கள்' என்னும் பெருநூலில் 2,101 படங்கள் உள. தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்வோர்க்கு இன்றும் அது கைவிடலாகா நூல்.

அப்படங்களில் ஒன்றை நோக்கின், தாள் நிறையக் கிளை பரந்திருக்கும். அடியிலே சிறு உருவங்கள் வரிசையாய் அமையும். அவை, பூவைக் கூறுபடுத்து நுணுக்குக்காட்டியின் துணையோடு எழுதிய கேசரமும் சூலகமும் விதையுமாம். கிளையை எழுதுதல் ஓவியப் பயிற்சியுடையார் எவர்க்கும் இயல்வதே. சூலகத்தின் அறைகளைப் பிழையின்றி எழுதுவதற்கோ எதை நோக்குகிறோம் என்னும் அறிவும் வேண்டும். இந்திய ஓவியர் கைவண்ணத்தில் ஒளிநிழல் குன்றித் தட்டையாய் இருக்கிறது என மேனாட்டார் சிலர் குறைகூறினர். அழகுக்கு அது குறையாயினும் ஆகுக. செடியின் உறுப்பெதுவும் நிழலுள் மறையாமையின், தாவரவியலுக்கு அது நலமாகவே முடிந்தது.

வைற்றுக்கு முன் வில்லியம் ரொக்ஸ்பரோ வெளியிட்ட 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' 300 வண்ணப் படங்களுடன் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாய் வந்தது. அவற்றின் மூலப்படங்களை எழுதிய இந்தியர் பெயரை அந்நூல் கூறவில்லை. வைற்றின் படங்களிலோ, கீழ்ப்புறத்தே சிறிய எழுத்தில் ரங்கையாவின் பெயரும் கோவிந்துவின் பெயரும் பொறிக்கப்பட்டுள. அத்துடன் அமையாது, 1853 இல் தாம் புதிதென வகுத்த ஓக்கிட் பேரினம் ஒன்றுக்குக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டார். மலரைக் கூறுபடுத்து வரைவதில் அவ்வோவியர்க்கு இணையானவர் அவர் நாட்டாருள் இலர் என்பதே வைற்றின் கருத்து.

இதே காலத்தில் ஈழத்திலும் இத்தகைய பணி நிகழ்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1823 இல் ஓவியராய் அமர்ந்த ஹர்மானிஸ் டி அல்விஸ் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே வரைந்தார். மைந்தர் இருவரும் அத்தொழிலையே மேற்கொண்டனர். அவர் பணிசெய்த கண்காணிப்பாளருள் ஒருவரான ஜோர்ஜ் காட்னர் 1845 இல் வைற்றுடன் நீலகிரியிற் செடி தேடியவர். அல்விஸ் குடும்பத்தார் படங்களினின்று தெரிந்தெடுத்தனவே, 1893 முதல் 1900 வரை வெளிவந்த திரைமனின் இலங்கைத் தாவர நூலுக்குரிய 100 படங்கள். திரைமன் 1896 இல் மறைய, எஞ்சிய பகுதிகளை முடித்தவர் ஜோசப் ஹூக்கர். ரங்கையாவின் படங்களைக் கிளாஸ்கோவிற் பெற்ற வில்லியம் ஹூக்கரின் மைந்தர் அவரே.

ரங்கையா, கோவிந்து ஆகியோரின் மூலப்படங்கள் எடின்பரோத் தாவரவியற் பூங்காவிற் பேணப்படுகின்றன. அங்குப் பணியாற்றிய ஹென்றி நோல்ற்றி 2007 இல் வெளியிட்ட நூல்களால் அவை பலர் கண்ணுக்கும் எட்டின.

கோவிந்தூயா என்னும் பெயர் நிலைக்கவில்லை. அச்செடி முன்னரே அறியப்பட்ட துரொப்பிடியா என்னும் பேரினத்துள் அடங்குவதெனப் பின்வந்தோர் கண்டனர். அல்விஸின் நினைவாய் எழுந்த 'அல்விசியா' என்னும் பேரினப் பெயரும் அவ்வாறே வழக்கொழிந்தது. ஆயினும், இலையின்றிப் பசிய வேர்களாலேயே உணவாக்கி மரப்பட்டையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு ஓக்கிட் ஒன்று இன்றும் 'ரீனியோபில்லம் அல்விசீ' என்றே வழங்குகின்றது.