மணிக்கட்டும் மட்டைத் தண்டும்: கோல்ஃப் வீச்சில் 'ரிலீஸ்' மாறி வந்த கதை

கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போகிறவரைக் குழப்புவதற்கு இரண்டு பயிற்றுநர்கள் போதும். ஒருவர், பந்தை அடிக்கும் நேரத்தில் மணிக்கட்டைப் புரட்டச் சொல்வார். மற்றவர், கையால் எதுவும் செய்யவேண்டாம், இடுப்பைத் திருப்பினால் மட்டை தானாக வந்து சேரும் என்பார். இரண்டு பக்கத்துக்கும் பெரிய ஆட்டக்காரர்கள் எழுதிய நூல்கள் சாட்சிக்கு நிற்கின்றன. ஒரே உடம்பு, ஒரே பந்து, ஒரே குழி என்றிருக்க, அறிவுரை மட்டும் ஏன் எதிரும் புதிருமாக இருக்கிறது? அந்தந்த அறிவுரை பிறந்த காலத்தில் கையில் இருந்த மட்டை எது என்று பார்த்தால் முரண் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆட்டக்காரர்கள் 'ரிலீஸ்' என்று சொல்வதில் குறைந்தது இரண்டு அசைவுகள் கலந்திருக்கின்றன. மட்டையை மேலே தூக்கும்போது முன்கைக்கும் தண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு செங்கோணம் உண்டாகிறது. கீழே வரும்போது அந்தக் கோணம் அவிழ்ந்து, கையும் தண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுக்கு வருவது முதல் அசைவு. இரண்டாவது, மட்டையின் முகப்பு திறந்த நிலையிலிருந்து சுழன்று இலக்கைப் பார்த்து நிற்பது. இதை மணிக்கட்டின் வேலை என்று சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் சுழல்வது முன்கை எலும்புகள். முதலாவது வேகம் தருகிறது. இரண்டாவது திசை தருகிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு முகப்பு மூடிப்போனால் பந்து இடப்பக்கம் வளையும், அது ஹூக். திறந்தே இருந்தால் வலப்பக்கம் ஓடும், அது ஸ்லைஸ். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்துக்குள் எதையும் சரிசெய்ய முடியாது. எல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் தேடினால், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் இந்த ஆட்டத்துக்கு வேர் கிடையாது. செண்பகத்தோப்பு மலையடியில் 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் இருக்கிறது. 2021இல் அது திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. அங்கே புல்லை வெட்டித் திடல் போடும் பேச்சுக்கு இடமில்லை, அதுவே நல்லது. ஆனால் அந்த மலைத்தொடரைத் தாண்டி நேர்க்கோட்டில் வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் கொடைக்கானல் வந்துவிடும். அங்கே கோல்ஃப் மன்றம் 1895இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் 1829இலும், பெங்களூரில் 1876இலும், கொழும்பில் 1879இலும் வேரூன்றிய ஆட்டம் உதகை, கொடைக்கானல் போன்ற மலைவாசத்தலங்களுக்கு ஏறியது அந்நூற்றாண்டின் கடைசியில்தான். 1895இல் கொடைக்கானலில் மட்டை பிடித்த வெள்ளைக்கார அதிகாரியின் கையில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

தண்டு ஹிக்கரி மரம். அமெரிக்காவில் வளரும் உறுதியான மரம் அது. பந்து குட்டா-பெர்ச்சா, மலாயாக் காடுகளின் மரப்பால். 1840களில் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்கு அறிமுகமாகி, 1848 வாக்கில் பந்தாக உருண்டு, அதுவரை இறகு திணித்த தோல்பந்தை விரட்டியடித்தது. தென்கிழக்காசிய மரப்பாலும் வட அமெரிக்க மரமும் பழனி மலையில் வந்து மோதிக்கொண்டன என்பதைப் பேரரசின் சரக்குக் கணக்கில் ஒரு வேடிக்கையான வரியாகவே பார்க்கலாம்.

ஹிக்கரித் தண்டுக்கு ஒரு குணம் உண்டு. அது வளைவதோடு நிற்காது, முறுக்கிக்கொள்ளும். மட்டைத்தலை தண்டின் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாகத் துருத்தி நிற்பதால், வேகமாக இறக்கும்போது தலை பின்தங்கி, முகப்பு திறந்துகொள்ளப் பார்க்கும். அதை மூடித் திருப்பும் வேலை கையின்மேல் விழுந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பாணி என்று பெயர் பெற்ற பழைய ஸ்காட்டிய வீச்சு அகலமானது, தாழ்வானது. உள்ளங்கையில் தளர்வான பிடி, மேலே போகும்போதே முன்கையை உருட்டி முகப்பைத் திறப்பது, கீழே வரும்போது அதே அளவு உருட்டி மூடுவது. பின்னாளில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தண்டைக் கையில் எடுத்து ஆடினால் சிரிப்பு அடங்கிவிடும்; அது வேறு வழி விடாது.

ஹாரி வார்டன் இந்த வீச்சை ஒழுங்குபடுத்தினார். ஜெர்சித் தீவில் சிறுவனாக மற்றவர்களின் பந்துப்பையைச் சுமந்தவர், 1896இலிருந்து 1914க்குள் ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றார். வலக்கைச் சிறுவிரலை இடக்கை விரல்களின்மேல் ஏற்றிப் பிடிக்கும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான், அவருக்கு முன்பே சிலர் அப்படிப் பிடித்திருந்தாலும். இரண்டு மணிக்கட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமல் ஒரே கீலாக அசைய அந்தப் பிடி உதவியது. கோபர்ன் ஹாஸ்கெலின் ரப்பர் நூல் சுற்றிய பந்துக்கு 1899இல் காப்புரிமை கிடைத்தது. அது நெடுந்தூரம் ஓடியது, ஆட்டத்தையே மாற்றியது. மணிக்கட்டைப் பொறுத்தவரை அது கொண்டுவந்த மாற்றம் சிறியதே.

மணிக்கட்டின் வரலாற்றில் வார்டனைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறவர் எர்னஸ்ட் ஜோன்ஸ். இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த இவர், முதல் உலகப்போரில் 1916இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஊர் திரும்பிச் சில மாதங்களுக்குள் ஒற்றைக்காலில் நின்று ஆடியபோது, நல்ல ஆட்டக்காரர்களுக்கு நிகரான எண்ணிக்கையில் முடிக்க அவரால் முடிந்தது. இடுப்பும் காலும்தான் வீச்சின் உயிர் என்று நம்பியவர்களுக்கு அது சங்கடமான செய்தி. பின்பு அமெரிக்கா சென்ற ஜோன்ஸ் பல்லாண்டுகள் ஒரே பாடத்தைக் கற்பித்தார். கைக்குட்டையின் நுனியில் பேனாக்கத்தி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டுவார். கைக்குட்டையைக் கொண்டு கத்தியைத் தள்ள முடியாது, ஆட்ட மட்டுமே முடியும். மட்டைத்தலையும் அப்படித்தான், கைகளால் அதை ஆட்டினால் உடம்பு தானே தொடரும் என்பது அவர் கட்சி. 1937இல் இதை நூலாகவும் எழுதினார். ஆனால் அதற்குள் ஹிக்கரியின் காலம் முடிந்திருந்தது.

எஃகுத் தண்டுக்கு அமெரிக்காவின் ஆர்தர் நைட் 1910இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆட்ட விதிகளைக் காப்பவர்கள் அதை உடனே உள்ளே விடவில்லை. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924இல் அனுமதித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் மன்றம் 1929வரை தாமதித்தது. இரண்டு அனுமதியும் வந்த பிறகும், 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ் ஹிக்கரியில்தான் ஆடினார். அடுத்த ஆண்டே பில்லி பர்க் எஃகுத் தண்டோடு அமெரிக்க ஓப்பனை வென்றார். எல்லை இவ்வளவு துல்லியமாக விழுவது தொழில்நுட்ப வரலாற்றில் அபூர்வம்.

எஃகு அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. பழைய பழக்கத்தில் முன்கையை உருட்டினால் முகப்பு அளவுக்கு மீறி மூடிக்கொண்டது, பந்து இடப்பக்கம் பாய்ந்தது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் கையில் இருந்த திறமையே அவர்களுக்கு எதிரியாயிற்று. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் இருவர் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஒரே மன்றத்தில், ஒரே காலத்தில் பந்துப்பை சுமக்கும் கேடிகளாக இருந்தவர்கள்: பைரன் நெல்சன், பென் ஹோகன். 1927இல் அங்கே கேடிகளுக்காக நடந்த போட்டியில் இருவரும் சமநிலையில் நின்று, கடைசியில் நெல்சன் வென்றார்.

நெல்சனின் விடை எளிது. கை உருட்டுவதைக் குறைத்தார். முழங்காலை இலக்கை நோக்கிச் செலுத்தி, முகப்பை நெடுநேரம் நேராக வைத்திருந்தார். 1945இல் தொடர்ச்சியாகப் பதினொன்று உட்படப் பதினெட்டுப் போட்டிகளில் வென்றார். பின்பு அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் பந்துகளைச் சோதிக்க வைத்துக்கொண்ட வீச்சு எந்திரத்துக்கு 'இரும்பு பைரன்' என்று பெயர் விழுந்தது. அசைவில் அவர்தான் அதற்கு முன்மாதிரி.

ஹோகனின் வழி நீண்டது. ஹூக் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. பிடியை இடப்பக்கம் தளர்த்தினார். வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்னோக்கிச் சற்றே மடித்து முகப்பைத் திறந்தார். இப்படித் திறந்து வைத்தால், கீழே எவ்வளவு வேகமாக ரிலீஸ் செய்தாலும் பந்து இடப்பக்கம் ஓடாது. 1955 ஆகஸ்டில் 'லைஃப்' இதழில் இதைத் தன் 'இரகசியம்' என்று வெளியிட்டார். இரண்டாண்டுக்குப் பின் வந்த 'ஐந்து பாடங்கள்' நூலில், பந்தைத் தொடும் கணத்தில் இடது முன்கை மேல்நோக்கிச் சுழலத் தொடங்கி, மணிக்கட்டு இலக்கை நோக்கிப் புடைத்து நிற்பதை வரைபடங்களோடு விளக்கினார். அவருடைய தளர்த்திய பிடியையும் திறந்த முகப்பையும் பின்பற்றி, ஹூக்கே வராத சாதாரண ஆட்டக்காரர்கள் தங்கள் ஸ்லைஸை இன்னும் மோசமாக்கிக்கொண்டார்கள். ஹோகன் எழுதியது அவருடைய நோய்க்கான மருந்து. அதை எல்லோருக்குமான சத்துணவாக அச்சிட்டு விற்றது பதிப்புத்துறை.

அடுத்த கட்டத்தில் விவாதம் ஆட்டக்காரர்களிடமிருந்து இயற்பியலாளர்களின் கைக்குப் போனது. பிரிட்டனில் அலஸ்டெய்ர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நூல், வீச்சை இரட்டை ஊசலாக வரைந்தது. தோளிலிருந்து தொங்கும் கை ஓர் ஊசல். மணிக்கட்டிலிருந்து தொங்கும் மட்டை இன்னோர் ஊசல். செண்பகத்தோப்பு வட்டாரத்தாருக்கு இதை விளக்கப் படமே வேண்டாம், கவண் போதும். தினைப்புனம் காத்த காலம் முதல் குறிஞ்சி நிலத்தின் கருவி அது. கவண் கயிற்றில் தசை கிடையாது. ஆனாலும் கல், கையைவிடப் பன்மடங்கு வேகத்தில் போகிறது. கை முன்னே ஓடி, சட்டென்று வேகம் தணியும்போது, அதன் ஆற்றல் கயிற்றின் நுனிக்கு இடம்பெயர்கிறது. கோல்ஃப் வீச்சிலும் பெரும்பகுதி இதுவே. கைகள் இடுப்பருகே வரும்வரை மணிக்கட்டுக் கோணம் காக்கப்பட்டால், அதன்பின் மையவிலக்கு விசையே அதை அவிழ்த்துவிடுகிறது. நெப்ராஸ்காவின் இயற்பியலாளர் தியோடர் ஜார்கன்சன் 1970இல் வெளியிட்ட கணக்கீடுகள் இன்னும் ஒரு படி போயின: மணிக்கட்டை முன்கூட்டியே வலிந்து அவிழ்த்தால் மட்டைத்தலையின் வேகம் குறைகிறது.

காக்ரன் குழுவினர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தலைக்குச் சற்று மேலே தண்டில் ஒரு கீல் வைத்த மட்டையால் அடித்துப் பார்த்தார்கள். பந்து சாதாரண மட்டையில் போகும் தூரத்துக்கு அருகில் போனது. பந்தைத் தொடும் கணத்தில் மட்டைத்தலை கையோடு உள்ள உறவை ஏறக்குறைய முறித்துக்கொண்டு, எறிந்த கல்லைப்போலத் தனியாகவே போகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. பேனாக்கத்தியைக் கைக்குட்டையில் கட்டிய எர்னஸ்ட் ஜோன்ஸ் பாதி சரி என்றாகிறது. தள்ள முடியாது என்றது உண்மை. கைதான் அதற்கு முதல் காரணம் என்றதைக் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

1990களில் தைட்டேனியம் வந்தது. டிரைவர் எனப்படும் நீள மட்டையின் தலை வீங்கிக்கொண்டே போக, 2004இல் 460 கன சென்டிமீட்டர் என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. பெரிய தலை எளிதில் திரும்பாது. நடுவில் படாத அடியையும் ஓரளவு நேராக அனுப்புவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அதே காரணத்தால், கடைசி நேரத்தில் கையால் புரட்டி மூடுவது கடினமாகவும் நிச்சயமற்றதாகவும் ஆகிவிட்டது. டஸ்டின் ஜான்சனைப் போன்றவர்கள் வீச்சின் உச்சியிலேயே இடது மணிக்கட்டை முன்னோக்கி வளைத்து முகப்பை மூடிவைத்துவிட்டு, பிறகு உடம்பைச் சுழற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஹோகன் திறந்து வைத்த இடத்தில் இவர்கள் மூடி வைக்கிறார்கள். கையைச் சும்மா விடச் சொல்லும் இன்றைய பயிற்றுநரின் குரல் இந்த மட்டையிலிருந்து வருவது.

இந்தியாவில் இந்த மாற்றங்களைக் கண்ணால் கண்டு, அச்சில் படிக்காமல் உள்வாங்கியவர்கள் கேடிகள். மன்றங்களின் உறுப்பினர் பட்டியலில் இந்தியர்களுக்கே இடம் அரிதாயிருந்த காலத்தில், பந்துப்பையைச் சுமந்த உள்ளூர்ச் சிறுவர்கள் நாள் முழுவதும் பத்தடி தூரத்தில் நின்று நல்ல வீச்சையும் கெட்ட வீச்சையும் பார்த்தார்கள். ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சனின் முயற்சியில் 1964இல் தொடங்கிய இந்தியன் ஓப்பனை அடுத்த ஆண்டே பி.ஜி. சேத்தி வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வெல்ல 1991வரை ஆயிற்று. வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா மன்றத்தில் புல்தரை பராமரித்தவரின் மகன். தானாகவே ஆடக் கற்றவர். வார்டன், நெல்சன், ஹோகன் வரிசையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், மட்டை மாறியபோதெல்லாம் மணிக்கட்டின் புது வேலையை முதலில் கண்டுகொண்டவர்களில் பந்துப்பை சுமந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். கோல்ஃப் வரலாற்றை எழுதியவர்கள் இதைத் தனித்தனி வெற்றிக்கதைகளாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இரவல் மட்டை, பொருந்தாத மட்டை, உடைந்த மட்டை என்று எது கிடைத்ததோ அதை வைத்து ஆடியவனுக்கு, மட்டைக்கு ஏற்பக் கையை மாற்றிக்கொள்வது முதல் நாளே வந்துவிடும் திறமை. சொந்த மட்டைத் தொகுப்போடு பாடம் கேட்க வருகிறவருக்கு அந்த நெருக்கடியே இல்லை.

ஸ்பெயினின் செவே பலெஸ்டெரோஸ் இதற்குத் தெளிவான சான்று. கேடியாகத் தொடங்கிய அவர், சிறுவயதில் கடற்கரை மணலில் ஒரே ஒரு பழைய மூன்றாம் எண் இரும்பு மட்டையை வைத்து எல்லா அடிகளையும் பழகினார். 1979, 1984, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற அந்த ஆட்டத்தில், மணற்குழியிலிருந்தும் புதரோரத்திலிருந்தும் பந்தை எடுத்த விதம் முழுக்க மணிக்கட்டு. டிரைவரை வீசும்போது மணிக்கட்டை அடக்கிவைக்கும் இன்றைய ஆட்டக்காரரும், குழிக்கு முப்பது கெஜம் முன்னால் கனத்த, சிறுதலை மட்டையை எடுத்தவுடன் முகப்பைத் திறந்து, முன்கையை உருட்டி, ஹிக்கரிக் காலத்துக் கையைத்தான் பயன்படுத்துகிறார்.