மலாக்கா நீரிணை

மலாய்த் தீபகற்பத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையே அந்தமான் கடலையும் தென் சீனக் கடலையும் இணைக்கும் கடல்வழி. நீளம் ஏறத்தாழ 800 கி.மீ. தென்கோடியில், சிங்கப்பூரை அடுத்த பிலிப்ஸ் கால்வாயில் கப்பல் செல்லும் பாதை 2.8 கி.மீ. அளவுக்குக் குறுகுகிறது. மேற்காசிய எண்ணெய் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் செல்லும் முதன்மை வழி இதுவே.

வரலாறு: பருவக்காற்றை நம்பிய பாய்மர வணிகக் கப்பல்கள் காற்றுத் திசை மாறும்வரை இங்குள்ள துறைகளில் தங்கின. அவ்வணிகத்தால் செழித்த ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025 அளவில் படையெடுத்து அதன் துறைமுக நகரான கடாரத்தை வென்றது. மலாக்கா நகரைப் போர்த்துகீசியர் 1511இலும் டச்சுக்காரர் 1641இலும் கைப்பற்றினர். 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு ஒப்பந்தம் நீரிணையின் இருகரைகளையும் இரு வல்லரசுகளுக்கிடையே பிரித்தது.

பாதுகாப்பு: குறுகலான பாதையில் வேகம் குறைக்கும் கப்பல்களைக் கொள்ளையர் இரவில் சிறுபடகுகளில் பின்தொடர்ந்து, கொக்கி கட்டிய கழிகளை மாட்டிப் பின்புறமாக ஏறுவர். இதைத் தடுக்க மாலுமிகள் தளவிளிம்பில் முள்கம்பி சுற்றி, நீர்பீய்ச்சும் குழாய்களுடன் காவல் நிற்பர். கொள்ளை பெருகியதால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை 2004இல் ஒருங்கிணைந்த கடற்காவலையும் 2005இல் வான்வழிக் கண்காணிப்பையும் தொடங்கின. தாய்லாந்து பின்னர் இணைந்தது. இதன்பின் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. இறையாண்மையை விட்டுக்கொடுக்காமலேயே அண்டைநாடுகள் ஒரு கடலைக் கூட்டாகக் காக்கலாம் என்பதற்கு இது சிறந்த சான்று.

உத்தி: இவ்வழி அடைபட்டால் கப்பல்கள் சுந்தா அல்லது லொம்போக் நீரிணை வழியே சுற்றிச் செல்ல வேண்டும். எனவே சீனா மியான்மர் வழியாக எண்ணெய்க் குழாய் அமைத்துள்ளது.