தீவில் விடப்பட்டவர்கள்: மணிபல்லவக் கதையும் நயினாதீவுக் கல்லும்

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென எழுதப்படும் மாய உலகக் கதைகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. உறங்கிய பிள்ளை வேறோர் உலகில் கண் விழிக்கும். அங்கே ஒரு மர்மம் காத்திருக்கும். அதை அவிழ்க்கும்போது தான் யார் என்பதும் அதற்குத் தெரியவரும். இது மேற்கிலிருந்து வந்த வடிவம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் சாத்தனாரின் மணிமேகலைக்குள் இந்த அமைப்பு முழுமையாகவே இருக்கிறது.

புகார் நகரத்து மணிமேகலையை, உறக்கத்திலேயே மணிமேகலா தெய்வம் கடல் கடந்து மணிபல்லவத்துக்குக் கொண்டுபோகிறது. விழித்தவள் அதை உவவனத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துத் தோழி சுதமதியைக் கூவி அழைக்கிறாள். பதில் இல்லை. அங்குள்ள புத்த பீடிகை அவளுக்கு முற்பிறவியைக் காட்டுகிறது. கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி எழுந்து அவள் கைக்கு வருகிறது. இந்தப் பாத்திரம் யாருடையது? ஏன் பொய்கைக்குள் கிடந்தது? இதுவே மர்மம்.

விடை ஆபுத்திரன் கதையில் இருக்கிறது. பசித்தோர்க்குச் சோறிடும் பாத்திரத்துடன் அவன் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். கடல் கொந்தளித்ததால் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் கரையிறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமி இரவில் பாயை விரித்துவிடுகிறான். ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத தீவில் பாத்திரத்தால் என்ன பயன்? அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். பின்னொரு நாள் அதே தீவின் மணலைத் தோண்டியபோது அவனுடைய எலும்புகள் வெளிப்படுகின்றன.

ஆயிரத்தொரு இரவுகளை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிந்துபாதின் இரண்டாம் பயணத்தில் அவன் தீவொன்றில் உறங்கிப்போகிறான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தமிழிலும் அரபியிலும் மாய உலகத்தின் வாசலில் நிற்பது ஒரே அச்சம்தான்: கடலோடி ஒருவன் முன்பின் அறியாத கரையில் தனித்துவிடப்படும் அச்சம்.

மணிபல்லவம் நயினாதீவே என்பார் உளர், மறுப்பாரும் உளர். மகாவம்சம் சொல்லும் நாகதீபத்தைப் பற்றியும் இத்தகைய வாதம் உண்டு. வல்லிபுரம் பொன்னேட்டில் வரும் 'நாகதீவ' என்ற பெயர் யாழ்ப்பாணக் குடாநாட்டையே குறிக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், நயினாதீவில் கதை அல்லாத சான்று ஒன்று கல்லிலேயே இருக்கிறது.

அங்குள்ள நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு உள்ளது. கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னனின் ஆணை தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர்காவற்றுறையில் பரதேசிகள் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி.

இது வெறும் தருமம் அல்ல. போருக்கு யானையும் குதிரையும் தேவைப்பட்ட மன்னனின் கணக்கும் இதற்குள் இருக்கிறது. ஆயினும் அக்காலக் கடற்கரைகளின் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் பெறுமதி விளங்கும். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் வெட்டுவித்த சாசனம், முன்னைய அரசர்கள் கரையொதுங்கிய கப்பல்களின் பொருளைப் பறித்துக்கொண்டதைச் சொல்லி, தான் அவ்வாறு செய்வதில்லை என்று உறுதி தருகிறது. 14ஆம் நூற்றாண்டில் மலபார் வந்த இப்னு பதூதா, உடைந்த கப்பலின் பொருள் அப்பகுதியில் அரசுக் கருவூலத்துக்கே சேரும் என்றும், கள்ளிக்கோட்டையில் மட்டும் அது உடையவருக்கே விடப்படும் என்றும் எழுதினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் தீவுக்கடலில் இதற்கொரு விதி கல்லில் ஏறியிருந்தது. அந்தக் கடலில் வந்த குதிரைகளை அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஏற்றியவர்களில் முஸ்லிம் வணிகர் முதன்மையானவர்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம்.

ஆபுத்திரன் கதையும் இந்தக் கல்லும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: கடல் கொண்டுவந்து விட்டவனுக்கு இக்கரை என்ன செய்யும்? கதை, சோறு என்றது. கல், அவன் பொருளில் பாதியாவது அவனுக்கு என்றது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தப் பாதியும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாண நகரத்தவருக்கு இரண்டு மணி நேர அவகாசமே தரப்பட்டது; நகையும் பணமும் பறிக்கப்பட்டன. மன்னார்த்தீவு மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அங்கும் புத்தளத்திலும் அவர்களுக்கு முதலில் கிடைத்தது ஊரவர் கொடுத்த சோறு.

அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம், உம்மம்மா சொல்லக் கேட்ட இன்னோர் உலகம். அந்தப் பிள்ளைகளுக்காக எழுத வருபவர் மாய உலகத்தைத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு போகிறது. தீவும் கல்லும் அங்கேயே இருக்கின்றன.